வார்டுக்கு முன் ஆய்வுக்கூடம்

மருத்துவ இடம் கிடைக்காத பிள்ளைகள் கோலாலம்பூரில் எங்கள் செராஸ் வட்டாரத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஓர் அறிவியல் பட்டப்படிப்பில் போய்ச் சேர்கிறார்கள். உயிர்மருத்துவம், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் என்று பெயர்கள் மாறும். மனத்தில் இருக்கும் ஆசை மாறுவதில்லை. பட்டம் கைக்கு வந்ததும் அது மறுபடியும் தலைதூக்குகிறது. "ஐயா, மாஸ்டர்ஸ் ஒன்று முடித்துவிட்டால் மெடிசினுக்குப் போகலாமா?" என்று என்னிடம் கேட்டு வருகிறவர்கள் பலர். அரசு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் ரத்தமும் சிறுநீரும் பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். டாக்டரும் இல்லை, பேராசிரியரும் இல்லை. ஆனால் மேல்மாடியில் வார்டு, கீழ்த்தளத்தில் ஆய்வுக்கூடம் என்று இரண்டுக்கும் நடுவே வாழ்ந்தவன். அந்த இடத்திலிருந்து பார்த்ததில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். முதுநிலை அறிவியலை அதற்காகவே மனமூன்றிச் செய்தவர்கள் மருத்துவத்துக்குப் போனபோது நிதானமான மருத்துவர்களாக ஆனார்கள். காத்திருக்கும் காலத்தைக் கழிக்க அதைச் செய்தவர்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை, இதுவும் வாய்க்கவில்லை.

நம் வீடுகளில் டாக்டர் ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என் தலைமுறை தோட்டத்தில் பிறந்தது. காய்ச்சல் வந்தால் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போவோம். அங்கே இருப்பவர் டிரஸர் என்னும் மருத்துவ உதவியாளர். டாக்டர் என்பவர் எப்போதாவது காரில் வந்து போகும் மனிதர். அந்தக் காரிலிருந்து நம் பிள்ளை இறங்க வேண்டும் என்று பால்மரம் வெட்டியவர்கள் கனவு கண்டார்கள். அந்தக் கனவை நான் குறைத்துப் பேச மாட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு மேலே வந்த குடும்பங்கள் ஏராளம். ஆனால் அது ஒரு பிள்ளையின் இருபதுகளை முழுதாக எடுத்துக்கொள்ளும்போது கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது.

கணக்கு இதுதான். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதும்போது வயது 17. பல்கலைக்கழகத்துக்கு முந்திய எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன், அதற்குமேல் ஒரு பட்டம் என்று போனால் 22 அல்லது 23. ஆய்வு செய்து ஆய்வேடு எழுதும் முதுநிலைப் படிப்பு முடியும்போது 25. மலேசியாவில் மருத்துவப் பட்டம் பெரும்பாலும் 5 ஆண்டு; பட்டதாரி என்பதற்காகப் பொதுவாக அதைக் குறைப்பதில்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு முதலாம் ஆண்டு வகுப்பில் உட்கார வேண்டும். முடிக்கும்போது 30. பிறகு 2 ஆண்டு ஹவுஸ்மேன் பயிற்சி. தனியார் கல்லூரி என்றால் மூன்று லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும் கட்டணமும் உண்டு. 2016 டிசம்பரிலிருந்து அரசுப் பணியில் புதிதாகச் சேர்கிற இளம் மருத்துவர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள் என்பதையும், 2021 ஜூலை 26 அன்று கறுப்பு உடை அணிந்து அவர்கள் வெளிநடப்புச் செய்ததையும் பெற்றோர் மறந்துவிடக் கூடாது.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மருத்துவப் படிப்பில் சேரக் குறைந்தபட்சத் தகுதி என்ன என்பதை மலேசிய மருத்துவ மன்றம் வகுத்து வைத்திருக்கிறது. முதுநிலைப் பட்டம் அதில் கட்டாயம் இல்லை. எஸ்.பி.எம்.மில் உயிரியலும் வேதியியலும் என்ன ஆயிற்று என்று பல ஆண்டு கழித்தும் திருப்பிப் பார்ப்பார்கள். ஆகவே "மாஸ்டர்ஸ் இருந்தால் கதவு திறக்கும்" என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

வெளிநாட்டில் கதை வேறு. அமெரிக்காவில் முதல் பட்டம் வாங்கிய பிறகுதான் மருத்துவம். 1893இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி அறிவியல் பின்னணியுள்ள பட்டதாரிகளை மட்டுமே எடுத்தது. 1910இல் வந்த ஃப்ளெக்ஸ்னர் அறிக்கை அந்த முறையை நாடு முழுவதற்கும் முன்மாதிரியாக்கியது. மதிப்பெண் சற்றுக் குறைந்தவர்களுக்காக அங்கே ஓராண்டு முதுநிலைப் படிப்புகள் இருக்கின்றன. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் அப்படிப் படிப்பவர்கள் முதலாம் ஆண்டு மருத்துவ மாணவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து, அவர்கள் எழுதும் தேர்வையே எழுதுகிறார்கள். நம் பிள்ளைகள் பலர் போகிற மெல்பர்ன் பல்கலைக்கழகமும் 2011இல் பட்டதாரிகளுக்கான நான்காண்டு முறைக்கு மாறியது. பக்கத்தில் சிங்கப்பூரில், 2005இல் நிறுவி 2007இல் மாணவர்களை எடுக்கத் தொடங்கிய டியூக்–என்.யு.எஸ். பட்டதாரிகளுக்கென்றே நடக்கிறது. அடிப்படை அறிவியல் முழுவதையும் அங்கே ஒரே ஆண்டில் நடத்திவிடுகிறார்கள். மூன்றாம் ஆண்டை ஆராய்ச்சிக்கு ஒதுக்குகிறார்கள். நம் நாட்டிலும் 2011இல் பெர்டானா பல்கலைக்கழகம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் துணையோடு பட்டதாரிகளுக்கான நான்காண்டுப் படிப்பைத் தொடங்கியது. 2014இல் ஹாப்கின்ஸ் விலகிக்கொண்டது. அந்த வழி இங்கே அகலமான வழியாக இன்னும் ஆகவில்லை.

இவ்வளவு தடை இருந்தும் முதுநிலை அறிவியலை நான் ஏன் உயர்த்திப் பேசுகிறேன்?

ஆய்வுக்கூடத்துக்கு வரும் ஒரு ரத்தக் குழாயை எடுத்துக்கொள்வோம். ரத்தத்தில் பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இருந்தால் சரி. 6.5, 7 என்று ஏறினால் இதயம் நின்றுவிடக்கூடும். உடனே மருந்து ஏற்ற வேண்டும். ஆனால் ஊசியால் ரத்தம் எடுக்கும்போது வேகமாக இழுத்தாலோ குழாயைக் குலுக்கினாலோ சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டிவிடும். நோயாளிக்கு ஒன்றும் இருக்காது. தாளில் மட்டும் ஆபத்தான எண் நிற்கும். ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தை மற்றக் குழாயில் ஊற்றினாலும் பொட்டாசியம் பொய்யாக ஏறும், கால்சியம் பொய்யாக இறங்கும். சர்க்கரைக்கு எடுத்த ரத்தத்தைச் சாதாரணக் குழாயில் மேசைமேல் விட்டுவிட்டால் ரத்த அணுக்களே மணிக்கு நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்கு வரை சர்க்கரையைத் தின்றுவிடும். தலசீமியா உள்ளவரின் சிவப்பணுக்கள் சீக்கிரமே அழிந்துபோவதால் அவருடைய மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு உள்ளதைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். தலசீமியா மிகுந்த நம் நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

இவையெல்லாம் மருத்துவப் பாடநூலிலும் உண்டு. ஆனால் ஒரு வரியாக இருக்கும். முதுநிலை மாணவருக்கு அது கையில் பட்ட அனுபவம். பிப்பெட்டைப் பிடித்து மாதக்கணக்கில் அளந்து, ஒரே மாதிரியை மூன்று முறை ஓட்டி மூன்று விதமான எண் வந்து, ராத்திரி தூங்காமல் எங்கே பிசகியது என்று தேடியவருக்கு ஓர் எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரியும். எண்ணைப் பார்த்ததும் நம்பிவிட அவரால் முடியாது.

நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் ஒரு ஹவுஸ்மேன் பெண் இருந்தார். மற்றவர்கள் போனில் "ரிசல்ட் வந்துவிட்டதா?" என்று கேட்பார்கள். இவர் படியிறங்கி வந்து நிற்பார். "ஐயா, சுழற்றிய பிறகு சீரம் சிவந்திருந்ததா? குழாயை நான் பார்க்கலாமா?" என்பார். பார்த்துவிட்டு, "நான் போய்த் திரும்ப எடுத்து வருகிறேன், கொஞ்சம் முன்னால் ஓட்டிக் கொடுங்கள்" என்று ஓடுவார். அந்த இடைவேளையில் நோயாளிக்கு இதயத் துடிப்பு வரைபடமும் எடுத்து வைத்திருப்பார். எங்கே கற்றீர்கள் அம்மா என்று ஒருநாள் கேட்டேன். மருத்துவத்துக்கு வருமுன் உயிர்வேதியியலில் முதுநிலை முடித்தவர் என்று சொன்னார். மூத்த டாக்டர்கள் சிலருக்கு அவருடைய கேள்விகள் பிடிக்காது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும்.

எண்ணைப் பற்றி இன்னொரு விஷயம். 1978இல் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில் 60 பேரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். மாணவர்கள், பயிற்சி மருத்துவர்கள், மூத்த மருத்துவர்கள் என்று கலந்த கூட்டம். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய். அந்த நோய் இல்லாத நூறு பேரில் ஐந்து பேருக்கு இருப்பதாகப் பொய் சொல்லும் ஒரு சோதனை. ஒருவருக்குச் சோதனை 'இருக்கிறது' என்று வந்துவிட்டது. உண்மையில் அவருக்கு நோய் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? அதிகம் பேர் சொன்னது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து. சரியான விடை சுமார் இரண்டு. ஆயிரம் பேரைச் சோதித்தால் நோயாளி ஒருவர்தான். நோய் இல்லாமலே மாட்டிக்கொள்கிறவர்கள் ஐம்பது பேர். இதைச் சரியாகச் சொன்னவர்கள் 60 பேரில் 11 பேர். அவ்வளவு பெரிய பள்ளியில் இப்படி என்றால் மற்ற இடங்களில் எப்படி இருக்கும்! முதுநிலையில் புள்ளியியல் பாடத்தை அழுதுகொண்டே படிக்கிறார்கள் நம் பிள்ளைகள். அந்த அழுகை பின்னால் ஒரு நோயாளியை வீணான அறுவைச் சிகிச்சையிலிருந்து காப்பாற்றும்.

கோலாலம்பூர் தந்த பெரிய பாடம் ஒன்றும் இதில் இருக்கிறது. அது நம்மவர்களின் சோற்றுத் தட்டிலிருந்து தொடங்குகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றுகொண்டிருந்தது. கால் வீங்கும், மரத்துப்போகும், கடைசியில் இதயம் ஓயும். சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். தோட்டத் தமிழர்களிடம் அந்த நோய் அரிதாக இருந்தது. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்தார். சீனர்கள் சாப்பிட்டது தீட்டிய வெள்ளை அரிசி; தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. கெட்டுப்போன வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்று அவர் எண்ணினார். அரிசிதான் காரணம் என்பது வரை அவர் சொன்னது சரி. நஞ்சு என்றது தவறு. ஆனால் எவ்வளவு கூர்ந்து கவனித்தாலும் அது கவனிப்புதான். சீனருக்கும் தமிழருக்கும் வேலை வேறு, குடியிருப்பு வேறு, பழக்கம் வேறு. அரிசிதான் காரணம் என்று எப்படி நிரூபிப்பது?

கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் மருத்துவராக இருந்த வில்லியம் ஃப்ளெச்சர் 1905 டிசம்பரில் ஒரு சோதனையைத் தொடங்கினார். காப்பகத்தில் இருந்தவர்களை வரிசையாக நிறுத்தி எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண்காரர்களுக்குக் கிழக்கு வார்டு, அதுவரை சாப்பிட்டுவந்த அதே சயாம் வெள்ளை அரிசி. இரட்டைப்படை எண்காரர்களுக்கு மேற்கு வார்டு, வங்காளத்திலிருந்து வந்த புழுங்கல் அரிசி. மற்றச் சாப்பாடெல்லாம் ஒன்றே. இரண்டு வார்டும் ஒரே மாதிரிக் கட்டடம். ஒருவேளை கட்டடத்தில்தான் தொற்று இருக்கிறதோ என்ற சந்தேகத்தைத் தீர்க்க, பாதி ஆண்டில் இரண்டு குழுவையும் வார்டு மாற்றிப் போட்டார், அரிசியை மாற்றவில்லை. 1906 முடிந்தபோது வெள்ளை அரிசிக் குழுவில் பெரிபெரியால் 18 பேர் இறந்திருந்தார்கள். புழுங்கல் அரிசிக் குழுவில் ஒருவர்கூட இல்லை. 1907இல் லான்செட் இதழில் அந்த முடிவு வெளிவந்தது. அடுத்து, 1900இல் இதே நகரில் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃப்ரேசரும் ஸ்டேன்டனும் அரிசியைத் தீட்டும்போது வெளியேறும் தவிட்டில்தான் விஷயம் இருக்கிறது என்று காட்டினார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது; பிறகு தீட்டினாலும் போவதில்லை. அந்த வைட்டமினைத் தனியே பிரித்து எடுத்தது 1926இல். நம் பாட்டிமார் நெல்லை அவித்தது யாருடைய உத்தரவிலும் இல்லை. அந்தப் பழக்கம் உயிர் காத்தது என்று உலகத்துக்கு நிரூபித்தது ஒற்றை இரட்டை எண்ணிக்கையும் ஒரு வார்டு மாற்றமும்.

இந்தக் கதையை முதுநிலைக்குப் போகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்கிறேன். கட்டுப்பாட்டுக் குழு என்றால் என்ன, ஒரு காரணத்தைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பது எப்படி, நாம் நினைத்தது தவறாக இருக்கலாம் என்று எண்ணி அதற்கும் ஒரு வழி வைப்பது எப்படி என்பதெல்லாம் இதில் இருக்கின்றன. இதன் இருண்ட பக்கத்தையும் சேர்த்தே சொல்வேன். அந்த மனநோயாளர்களிடம் சம்மதம் கேட்கவில்லை. முதல் சில மாதங்களிலேயே வேறுபாடு தெரிந்த பிறகும் வெள்ளை அரிசியை நிறுத்தியிருக்க வேண்டாமா என்ற கேள்வி எனக்கு இன்றும் உறுத்துகிறது. இன்றைய முதுநிலை மாணவர் ஒரு துளி ரத்தம் எடுக்க வேண்டுமானாலும் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பித்து, சம்மதப் படிவத்தை மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் எழுதி, படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துச் சொல்லி, வேண்டாம் என்பவரை வணங்கி விட்டுவிட வேண்டும். இதைச் சலிப்பான காகித வேலை என்று நினைக்கிற மாணவர்கள் உண்டு. நோயாளி என்பவர் நம் கைப்பொருள் அல்லர் என்பதை மருத்துவக் கல்லூரிக்கு முன்பே கையெழுத்தோடு கற்றுக்கொள்ளும் இடம் அது.

நம் காலத்திலேயே நடந்த இன்னொன்று. 1998 கடைசியில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் தொடங்கி நெகிரி செம்பிலானுக்குப் பரவியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவுசெய்து கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. கொசுவால் வருகிற நோய் என்றால் குழந்தைகளையும் தாக்க வேண்டும். இது பன்றியோடு வேலை செய்த பெரியவர்களையே தாக்கியது. பன்றிகளும் இருமிச் செத்தன. மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இருந்த மருத்துவர் சுவா காவ் பிங், நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து 1999 மார்ச்சில் ஒரு வைரஸை வளர்த்தெடுத்தார். கண்ணாடிக் குடுவையில் உயிரணுக்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்த விதம் அவர் எதிர்பார்த்த வைரஸுக்குரியது அல்ல. அந்த மாதிரியை அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்கே கொண்டுபோனார். அதுதான் நிப்பா. சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர் அதற்கு வந்தது. மலேசியாவில் 265 பேரைத் தாக்கி 105 பேரைக் கொன்ற நோய் அது. பத்து லட்சம் பன்றிகளை அழித்த பிறகே அடங்கியது. எல்லோரும் ஒத்துக்கொண்ட விடை கண்முன் தெரிவதோடு பொருந்தவில்லை என்று ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. அப்படிச் சொல்லும் பழக்கம் ஆய்வுக்கூடத்தில்தான் வளர்கிறது. வார்டில் மூத்தவர் சொன்னால் இளையவர் தலையாட்டுவார்; ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வில் தலையாட்டினால் தேற முடியாது. ஏன் இப்படிச் செய்தாய், வேறு விளக்கம் இருக்க முடியாதா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

செராஸ்காரர்களுக்கு இப்படிப்பட்ட ஆய்வுக்கூடத்தைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1972இல் தொடங்கியது. அதன் மருத்துவமனை 1997இல் பண்டார் துன் ரசாக்கில் வந்தது. இன்று துவாங்கு முஹ்ரிஸ் வேந்தர் மருத்துவமனை என்று பெயர். எல்.ஆர்.டி.யில் போகும்போதே தெரியும் கட்டடம். அந்த வளாகத்துக்குள்ளேயே 2003இல் மருத்துவ மூலக்கூறு உயிரியல் கழகம் அமைந்தது. 'மலேசியன் கோஹார்ட்' என்னும் பெரிய ஆய்வை நடத்துவது அதுதான். 35 முதல் 70 வயது வரையுள்ள ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மலேசியர்களைச் சேர்த்து, ரத்தம் எடுத்து உறைய வைத்து, யாருக்கு எந்த நோய் எப்போது வருகிறது என்று ஆண்டுக்கணக்கில் பின்தொடர்கிறார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லோரும் அதில் உண்டு. இது ஏன் முக்கியம்? 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். நம் வீட்டுக் கால்கள்தான் வெட்டப்படுகின்றன. நம் பெரியப்பாக்கள்தான் டயாலிசிஸ் மையத்தில் படுத்திருக்கிறார்கள். நம் உடலில் ஏன் இப்படி என்று கேட்பதற்கு நம் பிள்ளைகள் சிலராவது ஆய்வுக்கூடத்துக்குள் இருக்க வேண்டும். நோயாளி ஆவதற்கு முன்பே மனிதர்களைச் சந்திப்பதும், அவர்களிடம் தூக்கம், சாப்பாடு, வேலை பற்றிக் கேட்டு எழுதுவதும் நல்ல மருத்துவப் பயிற்சி.

முதுநிலை எதையெல்லாம் தராது என்றும் சொல்ல வேண்டும். அழுகிற தாயின் பக்கத்தில் பேசாமல் உட்கார அது கற்றுத்தராது. விடியற்காலை மூன்று மணிக்கு நடுங்கும் கையில் ரத்தநாளம் தேடவும் கற்றுத்தராது. பிரேதத்தை அறுத்துப் படிக்கும்போது மனம் படும் பாட்டுக்கு எந்த ஆய்வேடும் தயார் செய்யாது. மனப்பாடம் செய்ய வேண்டியது மலைபோல் இருக்கும். இருபத்தைந்தில் படிப்பது பத்தொன்பதில் படித்தது போல் ஒட்டாது. ஆய்வுக்கூடத்தில் விடை வர ஆறு மாதம் காத்திருக்கலாம். அவசரப் பிரிவில் ஆறு நிமிடம் கிடையாது, பாதித் தகவலோடு முடிவெடுக்க வேண்டும். முதுநிலை முடித்து வந்தவர்களில் சிலர் இங்கே தடுமாறியதைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் தெரிந்த பிறகே செய்வேன் என்று நிற்பார்கள். நல்ல மூத்தவர் ஒருவர் அவர்களைப் பிடித்துத் தள்ள வேண்டியிருக்கும்.

அறிவியலுக்குப் போன பிள்ளை மருத்துவத்துக்குத் திரும்பாமலே இருந்துவிட்டால்? பெற்றோருக்கு இருக்கும் பெரிய பயம் இது. சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்குப் பரோடாவில் மருத்துவ இடம் கிடைத்தது. அதை விட்டுவிட்டு இயற்பியலுக்குப் போனார். அமெரிக்காவில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகு உயிரியல் தெரியவில்லையே என்று சான் டியாகோவில் மறுபடியும் மாணவராகச் சேர்ந்தார். உயிரணுவுக்குள் புரதம் செய்யும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நம் டாக்டர்கள் அன்றாடம் எழுதிக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் மருந்துகளில் பல வேலை செய்வது அந்த ரைபோசோமின் மேல்தான். எல்லோரும் அவராக முடியாது. ஆனால் மருத்துவ இடத்தை விட்டவன் வாழ்வில் தோற்றவன் என்று எந்தத் தாய் தந்தையும் சொல்ல வேண்டாம் என்பதற்கு அவர் ஒருவர் போதும். என் கூட வேலை செய்தவர்களில் பலர் டாக்டராக விரும்பி ஆகாதவர்கள். அவர்கள் சரியாக ஓட்டிய ரத்தத்தால் பிழைத்தவர்களுக்கு அவர்கள் பெயர்கூடத் தெரியாது. அதற்காக அவர்கள் வருந்தி நான் பார்த்ததில்லை.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை முதுநிலைக்குப் போகிறேன் என்றால் மெடிசினுக்கு எத்தனை ஆண்டு என்று முதல் கேள்வி கேட்காதீர்கள். என்ன ஆராயப் போகிறாய் என்று கேளுங்கள். அந்தப் பதிலில் உயிர் இருந்தால் ஆதரியுங்கள். தங்கைகளே, தம்பிகளே, பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து விண்ணப்பம் போடாதீர்கள். மேற்பார்வையாளரை நேரில் போய்ப் பாருங்கள். அவரிடம் முன்பு படித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், உதவித்தொகை உண்டா, ஆய்வுக்கூடத்தில் பொருள் வாங்கப் பணம் இருக்கிறதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். நோயாளிகளையோ தன்னார்வலர்களையோ சந்திக்கும் ஆய்வாகக் கிடைத்தால் அதை எடுங்கள். பாடம் படித்துத் தேர்வெழுதும் முதுநிலையைவிட ஆய்வேடு எழுதும் முதுநிலையே மருத்துவத்துக்கு அதிகம் உதவும் என்பது என் முடிவு. இரண்டு ஆண்டு முடிந்த பிறகும் மருத்துவம்தான் என்று மனம் சொன்னால் போங்கள். அப்போது உங்களுக்கு எதற்காகப் போகிறோம் என்று தெரிந்திருக்கும். ஆனால் எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்டுவதற்கு முன், அதன் பட்டத்தை மலேசிய மருத்துவ மன்றம் அங்கீகரித்திருக்கிறதா என்று மன்றத்தின் பட்டியலைத் திறந்து நீங்களே பாருங்கள். முகவர் சொன்னதை வைத்துக் கையெழுத்துப் போட வேண்டாம்.